வழுக்குத் தளத்தில் எதைக் கற்பிப்பது?

வண்டி சறுக்கினால் எப்படி மீட்பது என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் விபத்து குறையும் என்பது கேட்டவுடன் சரியாகப்படும் யோசனை. நார்வே அதைச் செய்தே பார்த்தது. 1979 முதல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1988இல் வெளிவந்த மதிப்பீடு அதிர்ச்சி தந்தது: இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. ஸ்வீடனில் ஆய்வாளர் கிரெகர்சென் 1996இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு குழுவுக்கு வண்டியைக் கையாளும் திறமையையும், மற்றொரு குழுவுக்குத் தன் திறமையின் எல்லையையும் கற்பித்தார்கள். சோதனையில் இரு குழுவும் ஒன்றுபோலவே ஓட்டின. ஆனால் முதல் குழு தன்னைக் கூடுதலாக மதிப்பிட்டது.

காரணம் சறுக்கலிலேயே இருக்கிறது. பின்பக்கம் இடப்புறம் வழுக்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கையும் இடப்புறமே திருப்ப வேண்டும். பாடம் சுலபம்தான், கஷ்டமெல்லாம் அடுத்த நொடியில். டயருக்குப் பிடிமானம் திரும்பும்போது ஸ்டியரிங் நேராகியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் திரும்பி நிற்கும் முன்சக்கரங்கள் வண்டியை மறுபக்கம் சுண்டிவிடும். அந்த இரண்டாவது சறுக்கல் முதலாவதைவிட மோசமானது. மைதானத்தில் ஒருநாள் பழகிய கை, சில வருடம் கழித்து ஏதோ ஒரு வளைவில் இதைச் சரியாகச் செய்யும் என்று நம்ப இடமில்லை. பழக்கம் போய்விடுகிறது, தைரியம் மட்டும் தங்கிவிடுகிறது. விமானிகள் ஆபத்தைச் சமாளிக்கப் பயில்வதில்லையா என்று கேட்கலாம். பயில்கிறார்கள், பணியில் இருக்கும்வரை திரும்பத் திரும்பப் பயின்று தேர்வும் எழுதுகிறார்கள். கார் ஓட்டுகிறவர்களில் யார் அப்படிச் செய்கிறார்கள்?

அதற்காக வழுக்குத் தளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1999இல் ஸ்வீடன் செய்ததுபோல அதன் நோக்கத்தை மாற்ற வேண்டும்: மீட்கும் வித்தையை விட்டுவிட்டு, வேகம் என்ன செய்யும் என்பதைக் காட்ட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும் கார், நனைந்த சாலையில் 35 மீட்டர்கூட ஓடலாம். பனிக்கட்டியில் 140 மீட்டர். அதே பனிக்கட்டியில் 30இல் வந்தால் 35 மீட்டர்தான். வேகம் பாதியானால் தூரம் கால்பங்காகிவிடுகிறது. எந்தக் கைத்திறனும் இதற்கு ஈடாகாது. நவீன கார்களில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்குக் கட்டாயமான ஈஎஸ்சி என்னும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்துச் சறுக்கலை மனிதரைவிட வேகமாக அடக்குகிறது. பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் சாலையில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

இது பனிநாட்டோடு நிற்கும் விஷயமல்ல. கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில், தூசியும் எண்ணெயும் குழைந்த நம் சாலைகளில் முதலில் விழுபவர்கள் இருசக்கர வாகன ஓட்டிகள். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், நிற்கும் தூரத்துக்கு உத்தரவாதம் தராது. உரிமம் வாங்க எட்டுப் போடச் சொல்கிறோம். அந்த மைதானத்தின் ஒரு பகுதியில் தண்ணீர் விட்டு, பயிற்றுநர் ஒருவர் 20இலும் 40இலும் வந்து பிரேக் பிடித்துக் காட்டட்டும். வண்டி நின்ற இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பழகுநர்களே நடந்து அளக்கட்டும்.