மலையேறத் தெரியாத கட்டளை மையங்கள்

புதுதில்லி:
2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, இடுக்கி மாவட்டம் ராஜமலை அருகே உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உறங்கிக் கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. கடைசிவரை உடல் கிடைக்காத நால்வரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். மழையால் மின்சாரம் தடைபட்டு, செல்பேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்தது. செய்தி வெளியுலகை எட்டியபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. பெரியவாரை பாலமும் சேதமடைந்திருந்ததால் மீட்புப் படையினர் சென்று சேர்வதும் தாமதமாயிற்று.

ஒன்றரை ஆண்டுக்குப் பின், 2022 பிப்ரவரி 7ஆம் தேதி, பாலக்காடு மாவட்டம் மலம்புழாவை அடுத்த சேராடு மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் சறுக்கி விழுந்து பாறை இடுக்கில் சிக்கிக் கொண்டார். கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டரால் செங்குத்துப் பாறையை நெருங்க முடியவில்லை. வெலிங்டனில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் வந்த ராணுவக் குழுவினர், ஏறத்தாழ 45 மணி நேரத்துக்குப் பின் அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினர்.

இவை இரண்டும் போர் அல்ல. ஆனால் இவை எழுப்பிய கேள்வி, தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கோப்புகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுழன்று வரும் கேள்விதான். சாலையும் கோபுரமும் மின்சாரமும் இல்லாத இடத்தில், கட்டளை பிறப்பிக்க வேண்டியவர் தமது கண்ணையும் காதையும் வாயையும் எதில் சுமந்து செல்வது?

சுமையே எதிரி

ராணுவத்தின் நடமாடும் கட்டளை மையம் என்பது பெயரளவில்தான் நடமாடும். கூடாரங்கள், வாகனங்கள், அடுக்கடுக்கான சர்வர்கள், ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி வானொலிக் கருவி, ஒவ்வொரு கருவிக்கும் தனி ஆன்டெனா, தனி மின்கலம், அனைத்துக்கும் மின்சாரம் தர ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், கருவிகள் சூடேறாமல் இருக்கக் குளிர்சாதனம் என்று அது ஒரு சிறு ஊரைப் போல் விரிந்து விடுகிறது. அதை நிறுவவும் பிரிக்கவும் மணிக்கணக்கில் ஆகும்.

அவ்வளவு பெரிய மையம் இன்று ஆபத்தானதும் ஆகும். 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில், வானொலி அலைகளை உமிழும் பெரிய கட்டளை மையங்கள் எளிதில் கண்டறியப்பட்டுத் தாக்கப்பட்டன. மையத்தைச் சிறிதாக்குவது, பல இடங்களில் பிரித்து வைப்பது, அடிக்கடி இடம் மாற்றுவது ஆகியவையே அதிலிருந்து உலக ராணுவங்கள் கற்ற பாடம்.

தனித்தனிப் பெட்டிகளுக்குப் பதிலாக ஒரே பொதுச் சட்டகத்தை வைத்து, வானொலி, கணினி, இடங்காட்டி ஆகியவற்றை அதில் செருகும் மின்னணு அட்டைகளாக மாற்றும் பொதுத் தரநிலையை அமெரிக்க ராணுவம் வகுத்துள்ளது. மின்கலமும் ஆன்டெனாவும் பொதுவாகும்போது எடை குறைகிறது. ஓர் அட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்க வேண்டிய கட்டாயமும் நீங்குகிறது.

இந்தக் கருத்து ராணுவத்துக்குப் புதிதல்ல. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின் வயநாடு சூரல்மலையில் ராணுவப் பொறியாளர்கள் அமைத்த 190 அடி நீள பெய்லி பாலம், இரண்டாம் உலகப் போர்க்காலக் கண்டுபிடிப்பு. ஒரே அளவிலான இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றும் ஆறு பேர் தூக்கக்கூடியது. இரும்பில் எட்டு பத்தாண்டுகளுக்கு முன்பே கைகூடிய ஒன்று, மின்னணுவியலில் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை.

நிலைத்தது வளர்ந்தது

ராணுவத் தகவல் தொடர்புக்கு நிதி ஒதுக்கப்படவில்லை என்று கூற முடியாது. 'ஆஸ்கான்' எனப்படும் ராணுவத்தின் நிலைத்த வலைப்பின்னலின் நான்காம் கட்டத்துக்கு ரூ.7,796 கோடி மதிப்பில், பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.ஐ.யுடன் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கண்ணாடி இழை, நுண்ணலை, செயற்கைக்கோள் ஆகிய மூன்றின் வழியாகவும் எல்லைப் பகுதிகளை இணைக்கும் திட்டம் இது.

ஆனால் நகரும் படைகளுக்கான திட்டங்களின் கதை வேறு. 1980களின் 'ஏரன்' வானொலி வலைப்பின்னலுக்கு மாற்றாகக் கருதப்பட்ட போர்க்களத் தகவல் தொடர்பு அமைப்புக்கு, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் லார்சன் அண்டு டூப்ரோ இடம்பெற்ற கூட்டமைப்பும் தேர்வு பெற்றன. ஆண்டுகள் உருண்டும் அது முன்மாதிரி நிலையைத் தாண்டத் திணறியது. களத்தில் உள்ள வீரர் வரை ஒரே வரைபடத்தைக் கொண்டுசெல்லும் போர்க்கள மேலாண்மை அமைப்புக்கு 2015இல் இரு கூட்டமைப்புகள் தேர்வாகின. பின்னர் நிதியைக் காரணம் காட்டி அத்திட்டமே கைவிடப்பட்டது.

மலை சொல்லும் பாடம்

பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகள் இத்தகைய கருவிகளுக்குக் கடினமான சோதனைக்களம். வாக்கி டாக்கியின் அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. இடையே ஒரு மலைமுகடு வந்தால் பேச்சு அறுந்து விடும். முகட்டின் மீது இடைநிலைக் கருவியை வைக்க வேண்டும்; அல்லது, வான்நோக்கிச் சென்று மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் குறைந்த அதிர்வெண் வானொலியையோ செயற்கைக்கோளையோ நாட வேண்டும். முகட்டுக்கு வாகனம் போகாது. மனிதத் தோள்தான் போக வேண்டும். பருவமழைக் காலத்தில் ஈரம் மின்னணுக் கருவிகளைப் பாழாக்கும். அடர்ந்த மூட்டத்தில் சூரிய ஒளித் தகடும் பயன் தராது.

ஆகவே, இங்கு வேண்டப்படும் இலக்கணம் எளிது. எந்தப் பெட்டியும் இருவர் தூக்குவதை விடக் கனமாக இருக்கலாகாது. எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்கலம் இருக்க வேண்டும். தொலைவில் உள்ள சர்வருடன் இணைப்பு அறுந்தாலும் வரைபடமும் தகவலும் உள்ளூர்க் கணினியில் தொடர்ந்து இயங்க வேண்டும். ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை, வனத்துறை ஆகிய நான்கின் வானொலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும். போருக்கும் பேரிடருக்கும் இந்த இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே.

கஞ்சிக்கோட்டில் இருப்பவை

சேராடு மலையில் மீட்கப்பட்ட இளைஞரை ஏற்றிய ஹெலிகாப்டர் இறங்கிய இடம் கஞ்சிக்கோடு. தமிழக எல்லையான வாளையாறுக்கு அருகில் உள்ள அதே தொழிற்பகுதியில்தான், ஐ.டி.ஐ. நிறுவனத்தின் பாலக்காடு ஆலை 1976 முதல் உள்ளது. மின்னணுத் தொலைபேசி இணைப்பகங்களை நாட்டுக்குத் தயாரித்தளித்த ஆலை அது. நலிவுற்ற ஐ.டி.ஐ. நிறுவனத்தைச் சீரமைக்க 2014இல் மத்திய அரசு ரூ.4,156 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணினிகளையும் தயாரிக்கும் திறனை இந்நிறுவனம் பெற்றுள்ளது.

ராணுவ வாகனங்களைத் தயாரிக்கும் பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலையும் அங்கேயே 2010இல் திறக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் 26 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு 2021 ஜனவரியில் விருப்பம் கோரியது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

நடமாடும் கட்டளை மையத்தைப் பிரித்துப் பார்த்தால் எஞ்சுவன இரண்டு: வாகனம், அதில் ஏறும் தகவல் தொடர்புக் கருவி. இரண்டுக்குமான அனுபவம் பெற்ற பொதுத்துறை நிறுவனங்களின் ஆலைகள் ஒரே ஊரில் உள்ளன. அவற்றைச் சோதிக்கத் தகுந்த மலைகளும் அருகிலேயே உள்ளன. இல்லாதது, எல்லா நிறுவனங்களும் பின்பற்றக்கூடிய பொதுத் தரநிலையும், சிறிய அளவில் தொடங்கிக் களத்தில் திருத்திக் கொள்ளும் கொள்முதல் முறையுமே. பல்லாயிரம் கோடிக்கு ஒரே மூச்சில் திட்டம் தீட்டி, பின்னர் நிதியில்லை என்று மூடிவைக்கும் வழக்கம் தொடருமானால், அடுத்த மழைக்காலத்திலும் மலையில் இருந்து செய்தி கால்நடையாகத்தான் இறங்கி வரும். பெட்டிமுடியில் அந்த ஓர் இரவின் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் லயத்துத் தொழிலாளர்கள் என்பதைத் தில்லி மறந்துவிடலாகாது.