மனக்கவலையும் மூட்டுவலியும்

செஞ்சி வட்டாரத்தில் நாற்று நட்டும் வேர்க்கடலை ஆய்ந்தும் முதுமை எய்திய பெண்கள், மூட்டுவலியை வயதின் கோளாறு என்றே கூறுவர். வயது மட்டுமே காரணமன்று. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, 2019-இல் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்த 52.8 கோடிப் பேரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். முடக்குவாதத்தில் அவர்தம் பங்கு 70 விழுக்காடு.

இவ்வலியைக் கவலை மிகுவிக்கிறது. மனம் இறுகும்போது தசைகளும் இறுகுகின்றன, உறக்கம் கெடுகிறது, உறங்காத உடலுக்குச் சிறுவலியும் பெருவலியாகிறது. அவ்வலியோ மறுநாள் உறக்கத்தையும் பறிக்கிறது. முடக்குவாதம் உள்ளோர்க்கு நீடித்த மன அழுத்தம் அழற்சியையே தூண்டக்கூடும். ஆயினும் "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் ஒதுக்குதல் பெரும்பிழை, வலி மெய்யானது.

காலையில் எழுந்தபின் அரைமணி நேரத்திற்கு மேல் விரல் மூட்டுகள் விறைத்து வீங்கியிருப்பின், தாமதியாமல் மருத்துவரைக் காண்க. மருந்துக்கடையில் தாமே வாங்கி நாள்தோறும் உண்ணும் வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நடைப்பயிற்சிக்கு இராஜகிரியின் படிகளை ஏற வேண்டுவதில்லை. தெருமுனை வரை சென்று திரும்பினாலும் நன்று. வெளியே வர இயலாதோர்க்கு, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. மருத்துவரிடம் வலியோடு உறக்கமின்மையையும் கவலையையும் தவறாது கூறுங்கள்.