பிள்ளை நலம் – 9: தறி நின்ற ஒரு நிமிடம்

காய்ச்சலைப் பற்றி இரண்டு வாரம் பேசியாயிற்று. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதோடு விடாமல் தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னது நினைவிருக்கும். இந்த வாரம் இருமல் மருந்து பாட்டிலைத் திறப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் காஞ்சிபுரத்தில் ஒரு வீடு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடு. முன்கட்டில் குழித்தறி, பக்கத்திலேயே தூளி. தூளியில் எட்டு மாதக் குழந்தை.

"மூணு நாளா சளி சார். நேத்து ராத்திரியிலேர்ந்து மூச்சு வாங்குது" என்றார் தாய்.

"எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான். கற்பூரவல்லிச் சாறு குடுத்திருக்கேன்" என்றார் பாட்டி.

தறிச் சத்தத்தில் குழந்தையின் மூச்சு கேட்கவே இல்லை. "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்றேன். நாடா நின்றது. தாய் குழந்தையின் சட்டையை நெஞ்சுக்கு மேல் சுருட்டினார். செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, வயிறு எழும்பித் தாழ்வதை எண்ணினோம். 62 வந்தது. அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனார்கள். நிமோனியா. நேரத்தோடு மருந்து கிடைத்ததால் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து எனக்கு இந்த எண்ணிக்கை ஒன்றே நினைப்பு. நுரையீரலில் சளியும் நீரும் கோத்துக்கொண்டால் அது விறைத்துப்போகும். ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை, வேகமாக இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். பப்புவா நியூ கினியில் பணியாற்றிய மருத்துவர் ஃபிராங்க் ஷான், மூச்சு 50-ஐத் தாண்டுவதை நிமோனியாவின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று 1984-ல் எழுதினார். 1988-ல் இதை லான்செட் இதழில் இன்னும் நுணுக்கிச் சொன்னவர்கள் யார் தெரியுமா? நம் பாலாற்றங்கரை வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையின் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் குழுவினர். ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 40 என்று பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வில் என்னை நெகிழவைத்தது இன்னொரு முடிவு: "பிள்ளைக்கு மூச்சு வாங்குது" என்று வீட்டார் சொல்வதே நம்பத்தகுந்த அடையாளம். பிள்ளையார்பாளையத்துத் தாய் சொன்னதும் அதே சொல்தான்.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் கூடாது. சிசுவின் மூச்சு ஒரே சீராக ஓடாது. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நிமோனியாவைத் தடுக்க உதவும் பி.சி.வி. தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

இருமல் மருந்து அடுத்த வாரம். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ஒரு மருந்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கதையை நாலு வரியில் முடிக்க மனம் வரவில்லை. அதுவரை, மருத்துவர் எழுதித் தராத இருமல் மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

இன்றிரவு பிள்ளை நலமாகத் தூங்கும்போதே ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வரும் எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வையுங்கள்.