மந்திரச் சடங்கும் திறந்த வாயிலும்

பலர் கூடி ஒரே சங்கல்பத்தோடு ஜபித்து அக்கினியின் முன் அமர்ந்திருக்கையில், மனம் தன் சிறுமையை மறந்து ஓர் உன்னத நிலையை எய்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்நிலையில் தாகம், மயக்கம், மூச்சுத்திணறல் ஆகிய சரீரத்தின் எச்சரிக்கைகளும் உணர்வுக்கு எட்டாமற் போகின்றனவாதலால், கூடியிருப்போர் அனைவருடைய பிராணனும் சடங்கை நடத்துபவரின் பொறுப்பாகிவிடுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், செடோனா நகருக்கு அருகே 2009 அக்டோபர் 8 அன்று, ஜேம்ஸ் ஆர்தர் ரே என்னும் சுயமுன்னேற்றப் போதகர், பழங்குடி மக்களின் வியர்வைக் குடிற் சடங்கைத் தம் போக்கில் நடத்தி, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒரு தாழ்ந்த கூடாரத்தினுள் அமர்த்தி, காய்ச்சிய கற்களின்மீது நீர் ஊற்றி ஆவியெழுப்பினார். சுற்றுக்குச் சுற்று வாயில் திறக்கப்பட்டது, பூட்டு ஏதுமில்லை, எனினும் தாங்கி நிற்குமாறு அவர் தூண்டியதால் பலர் உள்ளேயே இருந்தனர், மூவர் மாண்டனர். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2011-இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது, எழுந்து போகிறவர் அவமானப்படாமல் போகவும் வேண்டும் என்பதையே நான் மிகுந்த கவலையோடு வற்புறுத்த விரும்புகிறேன்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்கூடத்தில் சாளரங்களைச் சாத்திக்கொண்டு ஹோமம் வளர்ப்பதும், கரி கனலும் தூபக்காலை நெடுநேரம் வைத்திருப்பதும் பேரபாயம். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு, தலைவலியிலும் குமட்டலிலும் தொடங்கி உயிரையே பறிக்கவல்லது. அப்போது சாய்ந்து விழுந்தவருக்குச் 'சாமி வந்துவிட்டது' என்று கைகூப்பி நிற்பதில் எத்தனை அரிய நிமிஷங்கள் வீணாகின்றன! உடனே அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுசென்று 108-ஐ அழைப்பதே முதற்கடமை. சடங்கில் கலந்துகொள்ளாத ஒருவர், மணலும் நீரும் நிறைந்த வாளிகளோடு, கூட்டத்தைக் கவனிப்பதற்கென்றே வாயிலருகில் நிற்கட்டும். எவ்வளவு நேரம் ஆகும், உபவாசம் உண்டா, எதை அருந்தக் கொடுப்பார்கள் என்பவற்றை முன்னதாகச் சொல்லிப் பெறுவதே சம்மதம். ஆஸ்துமாக்காரரும் கர்ப்பிணியும் விலகியிருக்க அதனால் இடமுண்டாகும்.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு வழங்கும் மதசுதந்திரம் பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டதே. 2001 ஆகஸ்டு 6 அன்று, தர்கா அமைந்த ஏர்வாடியில், குணம்பெறும் நம்பிக்கையோடு கொண்டுவந்து விடப்பட்டுச் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுக்கிறது. அசட்டையால் மரணம் விளைந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைவாசம் உண்டு.

எவரையேனும் வலிந்து உட்காரவைத்திருப்பதைக் கண்டால் 112-க்கும், குழந்தையாயின் 1098-க்கும் அழைக்கலாம். காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால், அதனை எழுத்துமூலமாகத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட்டை நாடலாம். பதிவான முதல் தகவல் அறிக்கையின் பிரதியைப் புகார் கொடுத்தவர் கட்டணமின்றிப் பெறலாம்.