கேஸ்ல ஜெயிச்சாங்க, ஆனா கம்பெனி போயிருச்சு: வெஜிடேல்ஸ் சொல்ற பணப் பாடம்



ஒரு தக்காளியும் ஒரு வெள்ளரிக்காயும் சேர்ந்து குழந்தைங்களுக்கு பைபிள் கதை சொல்ற அமெரிக்க கார்ட்டூன் ஒண்ணு இருக்கு. பேர் வெஜிடேல்ஸ். அதை உருவாக்கினவர் கம்பெனியை எப்படி இழந்தார்னு பார்த்தா, மாசச் சம்பளம் வாங்குற நமக்கும் அதுல விஷயம் இருக்கு.

தொடக்கம் சின்னது

1993-ல் ஃபில் விஷர், பைபிள் காலேஜ் நண்பர் மைக் நவ்ராக்கியோட சேர்ந்து சிகாகோவில் முதல் வீடியோவை எடுத்தார். கம்பெனி பேர் பிக் ஐடியா. ஏன் காய்கறி? அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டர்ல கை, கால், முடி, துணி எல்லாம் அனிமேட் பண்றது பெரிய செலவு. காய்கறிக்கு அது எதுவுமே வேண்டாம். கையில இருந்த காசுக்கு ஏத்த ஐடியா.

முதல்ல கிறிஸ்தவ புத்தகக் கடைகள்ல வித்தது. 1998 வாக்கில் லிரிக் ஸ்டூடியோஸ்ங்கிற விநியோக நிறுவனம் மூலமா பெரிய கடைகளுக்கும் போச்சு. 1999-ல் வருட வருமானம் 4 கோடி டாலரைத் தாண்டியது.

சரிவு எங்க ஆரம்பிச்சது?

இது கடவுள் கொடுத்த வேலைன்னு விஷர் உறுதியா நம்பினார். டிஸ்னி மாதிரி ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தைக் கட்டணும்னு கனவு. விற்பனை இதே வேகத்துல ஏறும்னு நினைச்சு ஆள் எடுத்தாங்க. ஊழியர்கள் 200-ஐத் தாண்டினாங்க. ஆனா விற்பனை அப்படி ஏறல. சம்பளச் செலவு மட்டும் மாசாமாசம் வந்துகிட்டே இருந்தது.

எங்க ஆபீஸ் பாஷையில இதுக்குப் பேர் நிலையான செலவு. வருமானம் குறைஞ்சாலும் இது குறையாது. வர்ற இன்கிரிமென்ட்டை நம்பி இன்னைக்கே கார் லோன் போடுறது இதே தப்போட சின்ன சைஸ்.

2002-ல் 'ஜோனா' படம் வந்தது. தியேட்டர் வசூல் சுமார் 2.5 கோடி டாலர். கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்தத் தொகை முழுசா தயாரிப்பாளர் கைக்கு வராது. தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு, விளம்பரம், பிரின்ட் செலவு எல்லாம் போன பிறகுதான் படம் எடுத்த காசையே எடுக்க முடியும். உங்க சிடிசி-க்கும் கைக்கு வர்ற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். படம் கம்பெனியைக் காப்பாத்தல.

கையெழுத்து இல்லாத ஒப்பந்தம்

இதுக்கு நடுவுல பிக் ஐடியா விநியோகஸ்தரை மாத்தினாங்க. லிரிக் வழக்கு போட்டது. ரெண்டு தரப்பும் பேசியிருந்தாங்க, வரைவுகள் போயிட்டு வந்திருக்கு, வீடியோக்களும் வருஷக்கணக்கா வித்திருக்கு. ஆனா முழு ஒப்பந்தத்துல கையெழுத்து இல்லை!

2003-ல் டல்லாஸ் ஜூரி, பிக் ஐடியா சுமார் 1 கோடி டாலர் கொடுக்கணும்னு சொன்னது. ஏற்கனவே தள்ளாடின கம்பெனி அதே வருஷம் திவால் மனு போட்டது. கதாபாத்திரங்கள் உட்பட எல்லாத்தையும் கிளாசிக் மீடியா வாங்கிருச்சு.

2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணது. காரணம்: பிரத்யேக காப்புரிமை உரிமத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேணும், அது இங்க இல்லை. அதாவது பிக் ஐடியா பக்கம்தான் சட்டம் இருந்தது. ஆனா ஜெயிச்சப்போ கம்பெனி விஷர் கையில இல்லை. லிரிக் தரப்புக்கும் பணம் கிடைக்கல. ஒரு கையெழுத்து இல்லாததால ரெண்டு பக்கமும் நஷ்டம்.

நம்பிக்கை என்ன ஆச்சு?

விஷர் நம்பிக்கையை விடல. ஆனா தன் கனவையே கடவுள் இடத்துல வெச்சிட்டோம்னு 2006-ல் வந்த தன் புத்தகத்துல வெளிப்படையா ஒத்துக்கிட்டார். அப்புறம் சின்ன அளவுல ஆரம்பிச்சு, மறுபடியும் குழந்தைங்களுக்கான பைபிள் வீடியோ எடுத்தார். கோபுரம் கட்டுறவன் முதல்ல உட்கார்ந்து செலவைக் கணக்குப் போடணும்னு லூக்கா சுவிசேஷத்துலயே இருக்கு. கணக்குப் பார்க்கிறது நம்பிக்கைக் குறைவு இல்லைங்க.

நீங்க செய்ய வேண்டியது

1. EMI, வாடகை மாதிரி நிலையான செலவை இன்னைக்குக் கைக்கு வர்ற சம்பளத்துல இருந்து கணக்குப் போடுங்க. அடுத்த வருஷ சம்பளத்துல இருந்து இல்லை.

2. சைடுல டிசைன், எடிட்டிங், பாட்டு பண்றீங்களா? நண்பரா இருந்தாலும், ஒரே சபையா இருந்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படியும் உரிமையை மாத்திக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம்.

3. ஆறு மாசச் செலவைத் தனியா வைங்க. நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் அது கைக்கு வர நாளாகும். பிக் ஐடியாவுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க காசு வேணும்.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் முதல் பாயிண்ட்டை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!