தொட்டியில் ஓர் அநாமதேயச் செடி

மீன் கடையில் 'கிரிப்ட்' என்று விற்பதெல்லாம் கிரிப்ட் அல்ல. சில, நம் மலை ஓடைகளின் அபூர்வச் செடிகள்.

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையானாலும் சரி, சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளானாலும் சரி, செடித் தட்டுகளில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றேதான். நாடா போன்ற வல்லிஸ்னேரியா, விசிறி இலை கபோம்பா, அகன்ற இலை அமேசான் ஸ்வார்ட். எப்போதாவது தட்டின் மூலையில் வேறொன்று கிடக்கும். விரல் நீளத்துக்குச் செம்பழுப்பு இலைகள், படர்ந்து செல்லும் தடித்த தண்டு. பெயர் கேட்டால் 'கிரிப்ட்' என்பார்கள். விலை சொல்லும்போது இருக்கும் உறுதி பெயர் சொல்லும்போது இருக்காது.

கிரிப்ட் என்பது கிரிப்டோகோரைன் என்ற பேரினத்தின் சுருக்கம். சேம்பு, சேனைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டியை இலங்கையைச் சொந்த ஊராகக் கொண்டது. ஆனால் இதே குடும்பத்தில், அச்சு அசலாகக் கிரிப்ட் போலவே இருக்கும் இன்னொரு பேரினம் உண்டு. அதன் பெயர் லஜெனாண்ட்ரா. அதன் இனங்களில் பெரும்பாலானவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் வளர்கின்றன. தட்டின் மூலையில் கிடக்கும் செம்பழுப்புச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் லஜெனாண்ட்ரா மீபோல்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெர்மன் தாவரவியல் மேதை எங்ளரே இந்தச் செடியை முதலில் கிரிப்டோகோரைன் என்றுதான் வகைப்படுத்தினார். சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றிய கேம்பிளின் பெருநூலை முடித்துவைத்த சி.இ.சி. ஃபிஷர்தான் பிறகு அதை லஜெனாண்ட்ராவுக்கு மாற்றினார்.

இலையை வைத்து முடிவு செய்வதில்தான் சிக்கல். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அங்கே விறைப்பாகவும் அகலமாகவும் இருந்த இலை, தொட்டிக்குள் மூழ்கியதும் அழுகிக் கரைந்துவிடும். செடி செத்தது என்று தூக்கி எறிகிறவர்கள் பலர். அடித்தண்டு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புது இலை வரும், வேறு வடிவத்தில், வேறு நிறத்தில். வெளிச்சம் மாறினாலும் நிறம் மாறும். ஒரே செடிக்கு இரண்டு முகம் என்றால், படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது எப்படி?

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. முழு இலையை விட்டுவிட்டு, விரியாத குருத்தைப் பார்க்க வேண்டும். கிரிப்டோகோரைனின் குருத்து, பாயை ஓர் ஓரத்திலிருந்து சுருட்டியது போல இருக்கும். லஜெனாண்ட்ராவில் இரண்டு ஓரங்களும் நடுநரம்பை நோக்கி உட்புறமாகச் சுருண்டிருக்கும். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பேரினம் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எந்த இனம் என்று அறியப் பூ வேண்டும். தொட்டியின் ஆழத்தில் இவை பூப்பது அரிது. சிறிய மண்சட்டியில் நட்டு, வேர் மட்டும் நீரில் இருக்கும்படி வைத்து, மேலே கண்ணாடி மூடி ஈரம் காத்தால் பூக்கக்கூடும். சேம்புப் பூவைப் போலவே ஒரு மடல், அதன் அடியில் சிறு அறை, அறைக்குள் பூத்தண்டு. மடலைப் பக்கவாட்டில் கீறித் திறந்தால், கிரிப்டோகோரைனின் பெண்பூக்கள் ஒரே வளையமாக ஒட்டியிருக்கும். லஜெனாண்ட்ராவில் அவை தனித்தனியாகச் சுருள்வரிசையில் இருக்கும். மடல்குழலின் நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். இந்தியாவின் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸுக்கு நீண்ட குழல் கிடையாது.

பூவைப் பார்க்காமல் வைத்த பெயர் எவ்வளவு காலம் தவறாகவே நீடிக்கும் என்பதற்கு இலங்கையின் நெவில்லியை ஓர் உதாரணம். பல ஆண்டுகளாக அந்தப் பெயரில் ஐரோப்பியத் தொட்டிகளில் வளர்ந்தது வில்லிசியை என்ற வேறு செடி. டென்மார்க்கின் நீல்ஸ் யாக்கப்சன் 1970களில் இதைத் தெளிவுபடுத்தினார். கடைகளின் பெயர்ச்சீட்டுகள் அத்தனை சீக்கிரம் மாறவில்லை.

ஒரு செடியின் பெயருக்கு இத்தனை பாடு எதற்கு? கேரளத்தின் நீர்நிலைகளை மூடிய 'ஆப்பிரிக்கன் பாயல்' இதற்குப் பதில் சொல்லும். அலங்காரச் செடியாக உலகெங்கும் பரவிய சால்வினியா அது. பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் பூர்வீகம் பிரேசில். அதை நெடுங்காலம் ஆரிகுலேட்டா என்ற வேறு இனமாகவே கருதினார்கள். ஆரிகுலேட்டாவைத் தின்னும் பூச்சிகளைத் தேடிப்பிடித்துச் சில நாடுகளில் விட்டும் பார்த்தார்கள். பலன் இல்லை. 1972இல்தான் அது மொலெஸ்டா என்ற தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. 1978இல் அதன் சொந்த இடம் தென்கிழக்கு பிரேசிலில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து எடுத்த கூன்வண்டுதான் ஆஸ்திரேலியாவிலும், 1980களில் கேரளத்திலும் அந்தப் பாயலை அடக்கியது. பெயர் சரியானதும் மருந்தும் சரியானது.

தொட்டிக் கழிவை வாய்க்காலில் கொட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2020இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் நீர்ப்பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைக் காணக் கூட்டம் திரண்டது. அந்த அழகும் தொட்டிச் செடியான ஒரு கபோம்பாதான். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஊடுருவியது.

லஜெனாண்ட்ராவின் ஆபத்து நேர் எதிரானது. இங்கே ஓடையிலிருந்து தொட்டிக்கு வருவதுதான் கவலை. மிக மெதுவாக வளரும் செடி இது. சில இனங்கள் சிறு பரப்பில் மட்டுமே இருக்கின்றன. ஒரு கரையிலிருந்து கூடை கூடையாகப் பிடுங்கினால் அந்தக் கரை மீள நாளாகும். உயிரியல் பன்முகச் சட்டம் 2002இலேயே வந்துவிட்டது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் 'நீர்ச்செடி' என்று மட்டும் எழுதிய பொட்டலத்துக்குள் என்ன போகிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த வேதனையில் ஒரு முரணும் இருக்கிறது. லஜெனாண்ட்ரா ஓவேட்டாவுக்கு 17ஆம் நூற்றாண்டின் 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலிலேயே மலையாளப் பெயரும் படமும் உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பெயரோடு இருந்த வகையறா, இன்று கடையில் அநாமதேயம்.

அபூர்வச் செடி கையில் கிடைத்தவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. குருத்தைப் பார்க்கலாம். பூத்தால் மடலைத் திறந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்கலாம். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில், ஒப்பிட்டுப் பார்க்க உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன், கடையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'என்ன விலை?' என்பதல்ல. 'இது பண்ணையில் வளர்ந்ததா, ஓடையிலிருந்து பிடுங்கியதா?' பதில் வராவிட்டால், செடி தட்டிலேயே இருக்கட்டும்.