கிடாரும் மூளையும்

அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டிலிருந்து கிடார் ஒலி கேட்பதாக வைத்துக்கொள்வோம். "வாசிப்பவருக்கு அது பிறவி ஞானம்; நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறோம். இது சரியா?

கிடாரில் தந்திகளை இடம் மாற்றி மாற்றி அழுத்துபவை இடக்கை விரல்கள். ஒவ்வொரு விரலின் தொடு உணர்வுக்கும் மூளையின் புறணியில் தனி இடம் உண்டு. 1995-இல் ஜெர்மனியில் தந்திக் கருவிக் கலைஞர்கள் 9 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் கிடார் வாசிப்பவர். அவர்களுடைய இடக்கை விரல்களுக்குரிய பகுதி, மற்றவர்களுக்கு இருப்பதைவிட விரிந்திருந்தது. வலக்கைக்கு இவ்வேறுபாடு இல்லை! பிறவியில் வந்ததானால் ஒரு கைக்கு மட்டும் வருவானேன்? உழைத்த விரல்களுக்கே மூளை கூடுதல் இடம் தந்திருக்கிறது.

சிறு வயதில் தொடங்கியவர்களிடம் இந்த மாறுதல் மிகுதி. அதற்காக மற்றவர்கள் சோர்வடைய வேண்டாம். 1943-இல் பிறந்த இளையராஜா, 1968-இல் சென்னைக்கு வந்த பிறகுதான், அபிராமபுரத்தை அடுத்த மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்விலும் வென்றார்.

பிறவித் திறனில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டுதான். ஆனால், நம்மிடம் அது எவ்வளவு என்பது பழகிப் பார்க்காமல் தெரியாது. தொடக்கத்தில் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் காய்த்துப்போகும். அதுவரையாவது பொறுத்துப் பாருங்களேன்!